ஒரு பலகை, ஒரு லைட்டர், யாரும் கேட்காத ஒரு கேள்வி

மலர்க்குழுவிலிருந்து போன் வந்தது. "கல்லூரி கட்டின கதை மூணு கட்டுரை வந்தாச்சு. மெஸ் சாம்பார் பத்தி அஞ்சு வந்தாச்சு. நீ வேற ஏதாவது எழுதித் தா. சரித்திரமா இருந்தா நல்லது" என்றார் ஒரு சீனியர். இன்றைக்கும் அவர் சொன்னால் தட்ட முடியாது. ஃபஸ்ட் இயரில் அவரிடம் பட்ட பயம் அப்படி.

எனக்குத் தெரிந்த சரித்திரம் ஒன்றே ஒன்றுதான். அது நம் கல்லூரியில் நடந்ததல்ல. 1982ல் அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தில் ஒரு சினிமா எடுத்த கதை. ஆனால் அது எனக்கு அறிமுகமானது நம் ஹாஸ்டலில்தான். அதற்கும் எனக்கும் தீராத ஒரு பாக்கி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சரித்திரம்.

2010, செவன்த் செமஸ்டர். யாரோ கொண்டுவந்த ஹார்ட் டிஸ்கில் 'பிளட் சிம்பிள்' என்று ஒரு படம் இருந்தது. பெயரைப் பார்த்து ரத்தம் தெறிக்கும் சண்டைப் படம் என்று நினைத்து, ஒரே ரூமில் பதினொரு பேர் முண்டியடித்து உட்கார்ந்தோம். அரைமணி நேரத்தில் ஆறு பேர் எழுந்து போய்விட்டார்கள். "ஒண்ணுமே நடக்கலையேடா" என்று புகார். மிச்சம் ஐந்து பேர் மூச்சுவிடாமல் பார்த்தோம். ஒரு கட்டத்தில் பயந்தோம், அடுத்த நிமிடம் சிரித்தோம், சிரித்ததற்காக வெட்கப்பட்டோம். கறுப்பு நகைச்சுவை என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அன்று ராத்திரி தானாகவே புரிந்துவிட்டது.

கதை

படம் பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும், கதையைச் சொல்லாமல் சரித்திரம் சொல்ல முடியாது.

டெக்சஸில் மார்ட்டி என்பவன் ஒரு பார் நடத்துகிறான். மனைவி பெயர் ஆபி. பாரில் வேலை பார்க்கும் ரே என்பவனோடு அவளுக்கு உறவு. மார்ட்டி ஒரு தனியார் துப்பறிவாளனை வைத்து வேவு பார்க்கிறான். விஷயம் உறுதியானதும் அதே ஆளிடம் 10,000 டாலர் பேசி, இரண்டு பேரையும் தீர்த்துக்கட்டச் சொல்கிறான்.

துப்பறிவாளன் நம்மைப் போலக் கணக்குப் போடுகிற ஆள். இரண்டு கொலை செய்வதைவிட ஒரு கொலை செய்வது சுலபம் இல்லையா? அவர்கள் தூங்கும்போது போட்டோ எடுத்து, அதில் குண்டுத் துளையும் ரத்தமும் சேர்த்துக் கொண்டுவந்து மார்ட்டியிடம் காட்டுகிறான். பணத்தை வாங்கிக்கொண்டு, ஆபியின் துப்பாக்கியாலேயே மார்ட்டியைச் சுட்டுவிட்டு, துப்பாக்கியை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறான். பழி ஆபி மேல் விழும், தான் பக்கத்திலேயே வரவில்லை. எல்லாம் சரி. ஒரே ஒரு பிசகு. மார்ட்டி பிடித்துக்கொண்டு வந்து மேஜை மேல் போட்டிருந்த மீன்களுக்கு அடியில் தன் சிகரெட் லைட்டரை மறந்து வைத்துவிடுகிறான்.

அடுத்து ரே வருகிறான். நாற்காலியில் முதலாளி, கீழே ஆபியின் துப்பாக்கி. அவள்தான் சுட்டுவிட்டாள் என்று முடிவு செய்கிறான். அவளைக் காப்பாற்றுவதற்காக ரத்தத்தைத் துடைக்கிறான். துடைக்கத் துடைக்க அது பரவுகிறது. உடலைக் காரில் போட்டுக்கொண்டு புதைக்கப் போகிறான். நடுவழியில்தான் தெரிகிறது, பிணம் இன்னும் பிணமாகவில்லை என்று! திரும்பிப் போகவும் முடியாது. உயிரோடு புதைக்கிறான்.

விடிந்ததும் ஆபியிடம் போய் அரைகுறையாக ஏதோ சொல்கிறான். 'நீ செய்ததை நான் மறைத்துவிட்டேன், கவலைப்படாதே' என்ற தொனியில். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நடுவில் இன்னொரு குழப்பம். துப்பறிவாளனுக்குக் கொடுக்க எடுத்த பணத்தை மறைப்பதற்காக, சாவதற்கு முன்னாலேயே மார்ட்டி ரே மேல் திருட்டுப் பழியைக் கிளப்பி வைத்திருக்கிறான். போகப்போக ஆபிக்கு ரே மேல் சந்தேகம். ரேவுக்கு ஆபி மேல் சந்தேகம். லைட்டரைத் தொலைத்த துப்பறிவாளனுக்கு இருவர் மேலும் பயம்.

கடைசிக் காட்சியில் ஆபி, கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஒருவனைக் கதவு வழியாகவே சுடுகிறாள். அவன் தன் கணவன் மார்ட்டி என்று நினைத்துக்கொண்டு, உன்னிடம் எனக்குப் பயமில்லை என்கிறாள். குண்டடிபட்டுக் கிடக்கும் துப்பறிவாளன் அதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். நடந்ததில் பெரும்பகுதி தெரிந்த ஒரே ஆள் அவன்தான், அவனும் சாகப் போகிறான்.

டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் ஒரு ட்ரூத் டேபிள் போட்டுப் பாருங்கள். மேலே நான்கு பெயர்கள், பக்கவாட்டில் ஒவ்வொரு சம்பவம். யாருக்கு எது தெரியும் என்று ஒன்றும் சைபரும் நிரப்புங்கள். எந்தப் பத்தியும் முழுசாக ஒன்றாக நிரம்பாது. பார்க்கிற நமக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும். நாம் சிரிப்பது அதனால்தான். இதில் எந்தக் குழப்பமும் ஒரே ஒரு கேள்விக்கு முன்னால் நிற்காது. "அன்னிக்கு ராத்திரி என்னதான் நடந்தது?" என்று நேராக ஒருவர் கேட்டு, மற்றவர் நேராகப் பதில் சொல்லியிருந்தால் படம் பாதியில் முடிந்திருக்கும். யாரும் அதைச் சரியாகக் கேட்கவில்லை.

படத்தின் தலைப்புக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. டாஷியல் ஹேமட் என்ற துப்பறியும் நாவலாசிரியர் 1929ல் வெளியிட்ட 'ரெட் ஹார்வெஸ்ட்' நாவலில் வரும் சொல் அது. கொலையும் ரத்தமுமாகவே இருந்து இருந்து மனிதனுக்குப் புத்தி மழுங்கிப்போகிற நிலைமைக்கு அந்தப் பெயர்.

எடுக்காத படத்துக்கு டிரெய்லர்

இனி எடுத்தவர்கள் கதை. மினியாபொலிஸ் நகரத்தை ஒட்டிய செயின்ட் லூயிஸ் பார்க் என்ற புறநகரில் அண்ணன் தம்பி இருவர். ஜோயல் கோயன் பிறந்தது 1954, ஈதன் கோயன் 1957. அப்பா பொருளாதாரப் பேராசிரியர், அம்மா கலை வரலாறு கற்பித்தவர். பக்கத்து வீடுகளில் புல் வெட்டிச் சேர்த்த காசில் ஜோயல் ஒரு சூப்பர் 8 கேமரா வாங்கினார். டிவியில் பார்த்த படங்களைத் தெருப்பையன்களை வைத்துத் திரும்ப எடுப்பதுதான் பொழுதுபோக்கு.

பிறகு ஜோயல் நியூயார்க்கில் சினிமா படித்தார். ஈதன் பிரின்ஸ்டனில் தத்துவம் படித்தார், விட்கென்ஸ்டைனைப் பற்றி ஆய்வுரை எழுதினார். தத்துவம் படித்துவிட்டு என்ன வேலை கிடைத்தது தெரியுமோ? மேசீஸ் என்ற பெரிய கடையில் புள்ளிவிவரங்களை டைப் அடிக்கும் வேலை. கோர் கம்பெனி கிடைக்கவில்லையே என்று கவலைப்படும் ஃபைனல் இயர் தம்பி தங்கைகள் இதைக் கவனிக்கவும்.

ஜோயலுக்கு அப்போது கிடைத்த உருப்படியான வேலை, 'தி ஈவில் டெட்' என்ற பேய்ப் படத்தில் உதவி எடிட்டர். அதன் டைரக்டர் சாம் ரெய்மி அப்போது இருபதைத் தாண்டிய பையன். அவர் பணம் திரட்டிய முறை விசித்திரமானது. முதலில் 'வித்தின் த வுட்ஸ்' என்று ஒரு குறும்படத்தை மாதிரிக்கு எடுத்து, அதை ஊரில் உள்ளவர்களுக்குப் போட்டுக் காட்டிப் பணம் வாங்கினார். நம் பாஷையில் சொன்னால் புரோட்டோடைப். வெறும் ஸ்கிரிப்டைக் கையில் கொடுத்தால் எவனும் படிக்க மாட்டான், கண்ணால் பார்த்தால் நம்புவான். இந்த உபாயத்தை ரெய்மி கோயன் சகோதரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். தனக்குத் தெரிந்த வித்தையை ஒளித்து வைக்கவில்லை. இந்தச் சரித்திரத்தில் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது அது.

அண்ணனும் தம்பியும் எடுக்காத படத்துக்கு டிரெய்லர் எடுத்தார்கள். சில நிமிடங்கள்தான். சுவரில் குண்டுத் துளைகள், அவை வழியாக இருட்டில் பாயும் வெளிச்சக் கீற்றுகள், இப்படி. நடித்தவர்களில் ஒருவர் ரெய்மியின் நண்பர் புரூஸ் கேம்பல். கேமரா பிடித்தவர் பாரி சொன்னென்ஃபெல்ட், ஜோயலுக்கு ஒரு பார்ட்டியில் அறிமுகமானவர். அவரிடம் சொந்தமாக ஒரு 16 எம்.எம். கேமரா இருந்தது. ஆனாலும் பெரிய படம் போலத் தெரிய வேண்டுமென்று 35 எம்.எம். கேமராவை வாடகைக்கு எடுத்தார்கள். தொடர்ந்து விடுமுறை வரும் வாரக்கடைசியாகப் பார்த்து எடுத்தால், ஒரு நாள் வாடகையில் பல நாள் கேமரா கையில் இருக்கும். இந்த மாதிரிக் கணக்கு ஹாஸ்டல்காரர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊரில் வீடு வீடாகப் போனார்கள். பணம் போட்டவர்களில் பெரிய தயாரிப்பாளர் யாரும் கிடையாது. சின்னச் சின்னத் தொழில் செய்பவர்கள், டாக்டர்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். சுமார் ஒரு வருஷ அலைச்சலில் 7,50,000 டாலர் சேர்ந்தது. அன்றைய கணக்கில் ஒரு டாலர் சுமார் ஒன்பதரை ரூபாய், ஆக 71 லட்சம் ரூபாய். படம் முடியும்போது மொத்தச் செலவு சுமார் 15 லட்சம் டாலர். அதே 1982ல் வெளிவந்த ஸ்பீல்பெர்க்கின் 'இ.டி.' படத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் ஆனது. ஹாலிவுட் கணக்கில் இது சில்லறைக் காசுதான். ஆனால் கொடுத்தவர்களுக்கு அது சில்லறை இல்லை.

யோசித்துப் பாருங்கள். உங்கள் ஊரில் தெரிந்தவர் வீட்டுப் பையன்கள் இருவர் வருகிறார்கள். இதுவரை ஒரு படமும் எடுத்ததில்லை. மூன்று நிமிடத் துண்டைக் காட்டி, "பணம் கொடுங்கள், படம் எடுக்கிறோம், போனாலும் போகலாம்" என்கிறார்கள். கொடுப்பீர்களா? அறுபது பேருக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள்.

எல்லாருக்கும் முதல் படம்

1982 இலையுதிர் காலத்தில் டெக்சஸில் ஆஸ்டின் நகரத்திலும் சுற்றுப்புறங்களிலும் சுமார் எட்டு வாரப் படப்பிடிப்பு. ஜோயலுக்கும் ஈதனுக்கும் அது முதல் படம். ஒளிப்பதிவாளர் சொன்னென்ஃபெல்ட்டுக்கும் முதல் கதைப்படம். பதற்றத்தில் அவர் அடிக்கடி வாந்தி எடுத்ததைப் பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். ஆபியாக நடித்த ஃபிரான்சஸ் மெக்டார்மண்டுக்கும் முதல் சினிமா. அவருடைய ரூம்மேட் ஹாலி ஹன்டர்தான் இந்த வாய்ப்பு பற்றி அவருக்குச் சொன்னவர். இசையமைத்த கார்ட்டர் பர்வெல்லுக்கும் முதல் படம். கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர் அவர். நம்ம ஜாதி!

விவரம் தெரிந்தவர் என்றால் துப்பறிவாளனாக நடித்த எம். எம்மெட் வால்ஷ். ஏற்கெனவே பல படங்களில் நடித்தவர். அவரை மனதில் வைத்தே அந்தப் பாத்திரத்தை எழுதியிருந்தார்கள். யாரென்றே தெரியாத பையன்களை நம்பி அவ்வளவு தூரம் வந்து நடித்தார். வியர்வை வழிய, போலிச் சிரிப்போடு, ஒரு ஃபோக்ஸ்வேகன் காரில் வந்து இறங்கும் அந்த உருவத்தை ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. 2024ல் காலமானார்.

இனி நம் டிபார்ட்மென்ட் சமாசாரம். ஒரு காட்சியில் கேமரா தரையை ஒட்டிப் புல்வெளியில் பறந்துபோய் மார்ட்டியையும் ஆபியையும் நெருங்கும். ஓடிக்கொண்டே குலுங்காமல் படம் பிடிக்க ஸ்டெடிகேம் என்ற கருவி 1976லிருந்தே ஹாலிவுட் படங்களில் வந்துவிட்டது. ஆனால் அதற்கும் அதை இயக்கத் தெரிந்த ஆளுக்கும் காசு வேண்டும். இவர்கள் செய்தது: சுமார் 12 அடி நீளமுள்ள மரப்பலகை ஒன்றின் நடுவில் கேமராவைக் கட்டி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். இதுவும் சாம் ரெய்மியிடம் கற்ற வித்தைதான். 'ஷேக்கி கேம்' என்று பெயர்.

இது எப்படி வேலை செய்கிறது? ஃபஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் போதும். ஓடுகிறவனின் கை ஒரு அங்குலம் மேலே போகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுமுனை அசையாவிட்டால் நடுவில் இருக்கும் கேமரா அரை அங்குலம்தான் ஏறும். அதைவிட முக்கியம் கோணம். 12 அடி என்பது 144 அங்குலம். ஒரு அங்குலத்தை 144ஆல் வகுத்தால் 0.4 டிகிரி சாய்வு. ஆறு அங்குல அகலமுள்ள கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும்போது ஒரு பக்கம் அதே ஒரு அங்குலம் ஏறினால் சாய்வு ஒன்பது டிகிரிக்கு மேல். நம் கண்ணை உறுத்துவது இந்தச் சாய்வுதான். வைட் ஆங்கிள் லென்ஸ் போட்டால் மிச்சம் இருக்கும் குலுக்கலும் அடங்கித் தெரியும். பலகையின் விலை என்ன பெரிய விலை!

இன்னொரு காட்சியில் பார் கவுன்ட்டர் மேலாகவே கேமரா நகர்ந்து போகும். வழியில் ஒரு குடிகாரர் கவுன்ட்டரில் தலைகவிழ்ந்து கிடப்பார். கேமரா மரியாதையாக அவர்மேல் ஏறி இறங்கி, ஒன்றும் நடக்காத மாதிரி மேலே போகும். ஹாஸ்டல் ரூமில் அந்த இடத்தில் கைதட்டினோம்.

எடிட்டிங்கும் அவர்களே. ஆனால் எல்லா இடத்திலும் தங்கள் பெயரே வந்தால் நன்றாக இருக்காதென்று ரோடரிக் ஜேன்ஸ் என்று ஒரு கற்பனை ஆளை உண்டாக்கினார்கள். இந்த இல்லாத மனிதர் பிற்காலத்தில் 'ஃபார்கோ' (1996), 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்டு மென்' (2007) என்று இரண்டு படங்களுக்கு ஆஸ்கர் எடிட்டிங் பரிந்துரை வாங்கினார். ப்ராக்ஸி அட்டென்டன்ஸ் கொடுப்பதில் நாம்தான் கில்லாடிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்!

கதவு தட்டின கதை

படம் முடிந்தது. வாங்க ஆளில்லை. பெரிய ஸ்டுடியோக்கள் கைவிரித்துவிட்டன. சிரிப்புப் படமா, பயமுறுத்தும் படமா, எந்த அலமாரியில் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. 1984ல் டொராண்டோ, நியூயார்க் திரைப்பட விழாக்களில் காட்டிய பிறகுதான் பேச்சு கிளம்பியது. வாஷிங்டனைச் சேர்ந்த சர்க்கிள் என்ற சிறிய நிறுவனம் விநியோகத்துக்கு எடுத்துக்கொண்டது. 1985 ஜனவரியில் தியேட்டருக்கு வந்தது. அந்த வருஷமே யூட்டா மாநிலத்தில் நடந்த, பின்னர் சன்டான்ஸ் என்று பெயர் பெற்ற விழாவில் நடுவர்குழுவின் முதல் பரிசு. 1986ல் தனிப்பட்ட முயற்சியில் எடுக்கும் படங்களுக்கென்று ஸ்பிரிட் விருதுகளை முதன்முதலாகக் கொடுத்தபோது, சிறந்த இயக்குநர் விருதை ஜோயல், மார்ட்டின் ஸ்கார்சேசியோடு பகிர்ந்துகொண்டார். சிறந்த நடிகர் வால்ஷ்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? மெக்டார்மண்ட் 1984லேயே ஜோயலைத் திருமணம் செய்துகொண்டார். சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை இதுவரை மூன்று முறை வாங்கிவிட்டார். வாந்தி எடுத்த சொன்னென்ஃபெல்ட் டைரக்டராகி 1997ல் 'மென் இன் பிளாக்' எடுத்தார். பர்வெல் அதற்கப்புறம் கோயன் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இசையமைத்தார். கோயன் சகோதரர்கள் 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்டு மென்' படத்துக்குச் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை என்று அள்ளிக்கொண்டு போனார்கள். 2009ல் சீனாவின் ஜாங் யிமோ, பாரை நூடுல்ஸ் கடையாக மாற்றி இதே கதையைத் திரும்ப எடுத்தார். எந்த ஊருக்குக் கொண்டு போனாலும் இந்தக் கதை செல்லும். சந்தேகத்துக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை.

இந்தச் சரித்திரத்தில் எனக்குப் பிடித்தது விருதுகள் அல்ல. திரையில் ஒருவரையொருவர் நம்பாத நான்கு பேர். திரைக்குப் பின்னால் ஒருவரையொருவர் நம்பிய ஒரு கூட்டம். அண்ணன் தம்பியை நம்பினான். ஊர்க்காரர்கள் பையன்களை நம்பினார்கள். ரெய்மி தொழில் ரகசியத்தைச் சொன்னார். ரூம்மேட் ரூம்மேட்டுக்கு வாய்ப்பைச் சொன்னாள். பலகையின் ஒரு முனையைப் பிடித்து ஓடுகிறவன் மறுமுனையைப் பிடித்தவன் விட்டுவிட மாட்டான் என்று நம்பினான். அவன் விட்டால் கேமரா உடையும், படம் நிற்கும். நம்பிக்கைத் துரோகத்தைப் பற்றி இவ்வளவு நல்ல படத்தை எடுக்க இவ்வளவு நம்பிக்கை தேவைப்பட்டிருக்கிறது.

பாக்கி

இப்போது என் கதை.

அந்தப் படம் பார்த்த ஜுரத்தில் நாமும் ஒரு குறும்படம் எடுப்பது என்று நானும் என் ரூம்மேட்டும் கிளம்பினோம். அந்த ஐந்து பேரில் அவனும் ஒருவன். பலகை வித்தையை எனக்கு முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவனே அவன்தான். எங்கள் விங்கில் 24 பேரிடம் தலைக்கு 250 வசூல் செய்தோம். 6,000 ரூபாய். டவுனில் ஒரு கடையில் ஹேண்டிகேம் வாடகை 1,500, டெபாசிட் 4,500. மெஸ் பெஞ்சின் பலகையைக் கழற்றி நடுவில் கேமராவைக் கட்டி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து கிரவுண்டில் ஓடினோம். இரண்டாவது ரவுண்டில் நான் தடுக்கி விழுந்தேன். அவன் பலகையை விடவில்லை, கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. படம்தான் படமாக வரவில்லை. சாயங்காலம் கேமராவைத் திருப்பிக் கொடுத்தோம். ரசீதைக் கொண்டுவந்தால் டெபாசிட்டைத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார்.

அதற்குள் செமஸ்டர் பரீட்சை, பிராஜக்ட், கேம்பஸ் இன்டர்வியூ. ரசீது அவனிடம் இருக்கிறது, அவன் போய் வாங்கியிருப்பான் என்று நான் நினைத்தேன். விங்கில் பையன்கள் "டெபாசிட் என்னாச்சுடா?" என்று கேட்டபோது, "அவன்கிட்டதான் இருக்கும்" என்றேன். இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருப்பேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அது சுற்றிச் சுற்றி அவன் காதுக்குப் போனபோது சிரிப்பு கழன்றுபோயிருந்தது. ஒரு நாள் அவன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். 2011ல் ஃபேர்வெல் அன்று ஒரே ரூமில் ஆளுக்கு ஒரு பக்கம் பெட்டி கட்டினோம். அவன் கதவைச் சாத்தாமல் போனான். நானும் கூப்பிடவில்லை.

அப்புறம் அவன் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. என் கல்யாணத்துக்கு நான் அனுப்பவில்லை. பொதுவான நண்பன் ஒருவன் ஒருமுறை போனில் சொன்னான்: "அந்தப் பணத்தை நீ வாங்கிட்டு, பழியை அவன் மேல போட்டுட்டேன்னுதான் அவன் இன்னிக்கும் நினைச்சுட்டிருக்கான்." எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன தைரியம் என்று.

போன வருஷம் ஊரில் வீடு மாற்றினோம். பரணிலிருந்து என் பழைய டிரங்குப் பெட்டியை இறக்கினேன். மைக்ரோபிராசசர் லேப் ரெக்கார்டு நோட்டு. அதன் அட்டைக்கும் காக்கி உறைக்கும் நடுவில் ஒரு ரோஸ் நிறத் தாள். ஹேண்டிகேம், ஒரு நாள், டெபாசிட் ரூ. 4,500 பெறப்பட்டது.

ரசீது என்னிடம்தான் இருந்திருக்கிறது. பணத்தை அவனும் வாங்கவில்லை, நானும் வாங்கவில்லை. கடைக்காரரும் ஏமாற்றவில்லை, யாராவது வருவார்கள் என்று காத்திருந்து அலுத்திருப்பார். அந்தக் கடை இப்போது இல்லை. நான் பரண் ஏணியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா கீழேயிருந்து, "பாம்பு கீம்பு இருக்கா?" என்று கேட்டாள்.

"ரசீது யார்கிட்ட இருக்கு?" மூன்றே சொற்கள். ஒரே ரூமில் இருந்தோம், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நான்கடி இடைவெளி. கேட்டிருக்கலாம்.

ஆகவே 24 பேரும் கவனிக்கவும். ரீயூனியன் அன்று பதிவு மேஜைக்குப் பக்கத்தில் நான் கவர்களோடு நிற்பேன். டெபாசிட்டை வகுத்தால் தலைக்கு 187 ரூபாய் 50 காசுதான் வருகிறது. 250 முழுசாகவே தருகிறேன், மிச்சத்தை வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். "அவன்கிட்டதான் இருக்கும்" என்று நான் யாரிடம் சொன்னேனோ அவர்களிடமெல்லாம், அது பொய் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே எழுதியது அதற்கு முன்பணம்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்குப் புத்திமதி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. படம் எடுங்கள். நாலு பேரிடம் காசு வாங்கி எடுங்கள். ரசீதை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி சுவரில் ஒட்டி வையுங்கள்.

என் ரூம்மேட் வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறான் என்று மலர்க்குழுவில் சொன்னார்கள். டேய், நீ இதை முதலில் படித்துவிட்டு என்னைப் பார்த்தாலும் சரி, பார்த்துவிட்டுப் படித்தாலும் சரி. ரோஸ் ரசீது என் சட்டைப் பையில் இருக்கும். இத்தனை வருஷம் கழித்து நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை நானே ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போவதில்லை, வந்து கேட்கிறேன். கேன்டீன் வாசலில், பத்தரைக்கு.